கோப்பை இல்லாத பெரியவர்கள்

கரியாஹாட் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசினால்கூட நடுவில் 'தாதா' கங்குலி பேச்சு வந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகளோ, "உலகக் கோப்பை ஜெயிச்சது தோனிதானே, கங்குலி எப்படிப் பெரிய ஆளு?" என்று மடக்குகிறார்கள்.

2003 ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359 குவித்தது. 125 ரன்னில் தோற்றோம். டாஸ் ஜெயித்தும் பந்துவீச்சைத் தேர்ந்தது கங்குலியின் பிழை என்பார்கள். இருக்கட்டும். அதே தொடரில் அவர் அடித்த சதங்கள் மூன்று, ஒன்று அரையிறுதியில்.

வேடிக்கை என்னவென்றால், 1990இல் ஈடன் கார்டனில் வங்காளம் ரஞ்சிக் கோப்பையை வென்ற இறுதியாட்டம்தான் 17 வயது கங்குலிக்கு முதல் ரஞ்சி ஆட்டம். எடுத்தது 22 ரன். அந்தக் கோப்பையைக் காட்டி அவரைப் பெரியவர் என்று யாராவது சொல்கிறார்களா?

நம்ம வெங்கட்ராகவனைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்களில் 1390 விக்கெட். நம் மாநில அணி ரஞ்சியை வென்றதோ 1954-55இலும் 1987-88இலும். அவர் ஆடிய காலம் முழுக்க நடுவில் மாட்டிக்கொண்டது! 1972-73 இறுதியாட்டத்தில், சேப்பாக்கத்திலேயே, பம்பாயை 151க்கும் 113க்கும் சுருட்டினோம். பதிலுக்கு நம் மட்டையாளர்கள் எடுத்தது 80, 61. இதை வெங்கட் கணக்கில் எப்படி எழுதுவது?