முதியோர் பணிவிடை: கற்றுச் செய்ய வேண்டிய கடமை



பெற்றோருக்குப் பணிவிடை செய்வதன் சிறப்பைப் பற்றி மிம்பர்களில் நாங்கள் பேசாத ஆண்டு இல்லை. கேட்டுக் கண் கலங்காத ஜமாஅத்தும் இல்லை. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனாரை எப்படிப் புரட்டுவது, எப்படி உணவூட்டுவது என்று சொல்லித் தந்தோமா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். தொழுவதற்கு முன் உளூவின் சட்டங்களைக் கற்க வேண்டும் என வலியுறுத்தும் நாம், இந்தக் கடமைக்கு மட்டும் பாசம் போதும் என்று விட்டுவிட்டோம்.

மையித்தைக் குளிப்பாட்டும்போது கண்ட குறையை மறைப்பது குளிப்பாட்டியவரின் கடமை. ஆகவே ஊரையும் ஆண்டையும் விட்டுவிட்டு, படிப்பினைக்குத் தேவையான அளவே சொல்கிறேன். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பக்கவாதத்தால் எட்டு மாதம் படுக்கையில் இருந்து வஃபாத்தான ஒரு பெரியவர். குறை சொல்ல முடியாத குடும்பம். மகள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலருகிலேயே இருந்தவர். நலம் விசாரிக்கச் செல்லும்போதெல்லாம் விரிப்பு வெள்ளையாக இருக்கும், அத்தர் மணக்கும். குளிப்பாட்டுவதற்காக அவரைப் பக்கவாட்டில் சாய்த்தபோதுதான் பார்த்தோம். முதுகெலும்பு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்திற்குப் புண். உள்ளே எலும்பு தெரிந்தது. "புரட்டினால் வாப்பாவுக்கு வலிக்குமே என்றுதான் புரட்டவில்லை ஹஜ்ரத். புண்ணுக்குத் தினமும் பவுடர் போட்டோமே" என்று திரைக்குப் பின்னாலிருந்து அந்த மகள் அழுதார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இருக்கவில்லை. அதன் பிறகுதான் செவிலியர்களிடம் கேட்டுக் கேட்டுச் சிலவற்றைக் கற்றுக்கொண்டேன்.

அசையாமல் கிடக்கும் உடலின் எடை முழுவதும் எலும்பு மேடுகளில் அழுந்துகிறது. அங்கே இரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை செத்துப்போகிறது. அதுவே படுக்கைப் புண். முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இருபுறம், குதிகால், தோள்பட்டை ஆகியவை ஆபத்தான இடங்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியின் கிடையை மாற்ற வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் விதி. குளிப்பாட்டும்போதும் துணி மாற்றும்போதும் இந்த இடங்களைப் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம்மவரின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலும் போகலாம். சூடும் கடினத்தன்மையும் வலியும் அடையாளங்கள். அந்த இடத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடக் கூடாது. மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், இருவர் விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்த வேண்டும். இழுத்தால் தோல் உரியும். நமது பத்தமடைப் பாய் உடலுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் எலும்பும் தோலுமாகிவிட்டவருக்கு அது மெத்தையாகாது.

உணவூட்டுவதிலும் இதே அறியாமை இருக்கிறது. படுத்த நிலையில் ஊட்டப்படும் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கிறது. முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியால் கொடுத்து, முன் கவளம் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்க வேண்டும். முடிந்த பின்னும் அரைமணி நேரம் சாயவிடக் கூடாது. சகராத்துடைய நேரத்தில் உறவினர் ஒவ்வொருவராக வந்து ஜம்ஜம் நீரை வாயில் ஊற்றும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விழுங்கும் சக்தியை இழந்தவருக்கு ஊற்றும் நீர் மூச்சைத்தான் அடைக்கும். பஞ்சை நனைத்து உதடுகளை ஈரமாக்குவது போதும். ஃபிக்ஹு நூல்களிலும் இந்த முறை கூறப்பட்டுள்ளது.

இன்னொன்றையும் எச்சரிக்க விரும்புகிறேன். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பெரியவர் திடீரென்று ஆளை மாற்றிச் சொல்கிறார், இல்லாதவர் நிற்பதாகக் காட்டுகிறார் என்றால், ஓதிப் பார்க்கும்படி எங்களிடம் அழைத்து வருகிறார்கள். நான் ஓதுகிறேன், ஓதி முடித்ததும், இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள் என்கிறேன். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், சர்க்கரை குறைதல், மாத்திரை ஒவ்வாமை என எதுவும் முதியவரை இவ்வாறு ஒரே நாளில் குழப்பிவிடும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் மறதி நோய் வேறு. அதில் அவர் இஷாவைத் தொழுதுவிட்டு மீண்டும் தொழ எழுந்தால் வாதம் செய்யாதீர்கள். புத்தி நீங்கியவர் மீது கடமையில்லை. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும் பத்தாவது முறையும் பதில் சொல்லுங்கள். பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசும் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் சலிப்பின் ஓசையைக் கூடத் தடுப்பது இந்த இடத்தில்தான் நமக்குப் புரியும்.

இவற்றையெல்லாம் யார் செய்வது? மகன் வளைகுடாவில்; மருமகள் கட்டிலருகில். கணவரின் பெற்றோருக்கு அவர் செய்வது உபகாரமே. கடமை பெற்ற பிள்ளைகள் மீது. பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணும் ஆண்கள் இதைக் கோபமில்லாமல் யோசிக்க வேண்டும். மருமகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு கிடைக்க, முறைப்படி பயின்ற பணியாளர்கள் தேவை. 2011 கணக்கெடுப்பில் தமிழக மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2031-இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு.

மருத்துவர்களுக்கான கல்வியில் நம் மாநிலம் முன்னோடி. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்திற்கு எம்.டி. படிப்பு வந்தது, நாட்டிலேயே அதுதான் முதலாவது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஆனால் கட்டிலருகில் இருப்பவருக்கான கல்விதான் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சிகளை நடத்துகிறது. பிளஸ் டூ முடித்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? திரை பேணவும், தயம்மும் செய்விக்கவும், கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்பவும் தெரிந்த ஒரு பிள்ளை இத்தொழிலுக்கு வந்தால் அவருக்குப் பிழைப்பும் உண்டு, நமக்கு நிம்மதியும் உண்டு.

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய வலி நிவாரண மருத்துவமனையிலிருந்து ஒரு பெரும் இயக்கம் வளர்ந்தது. மலப்புறம் போன்ற மாவட்டங்களில் கடைக்காரரும் ஆசிரியரும் மாணவரும் பயிற்சி பெற்று, செவிலியருடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். 2008-இல் அந்த மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம்மிடமும் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டிற்கு வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் வரும் நாளில் நோயாளியைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், புரட்டும் முறையை உங்கள் கையால் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணையும் வீட்டில் எழுதி வையுங்கள்.

மஹல்லா நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பள்ளியிலும் சந்தூக்கு இருக்கிறது. காற்று மெத்தை இருக்கிறதா? பைத்துல்மாலிலிருந்து இரண்டு காற்று மெத்தைகளும் ஒரு சக்கர நாற்காலியும் வாங்கி வைக்கலாம். தேவைப்படும் வீட்டார், எந்தச் சமயத்தவராயினும், எடுத்துச் சென்று, தேவை முடிந்ததும் கழுவித் திருப்பித் தர ஒரு பதிவேடு போதும். நிகாஹ் பதிவேட்டை எழுதுகிறவரே இதையும் எழுதிக்கொள்வார்.