போட்டி வலிமையை அளப்பது எப்படி?

ஒரு வியாபாரம் போட்டியில் நிலைக்கவல்லதா என்று ஆராயப் புகுவோரிற் பலர் அதன் விலையை மட்டும் பார்த்துத் திருப்தியடைகின்றனர். மலிவாகக் கொடுப்பவனே வல்லவன் என்பது பொதுஜன அபிப்பிராயம். இது எவ்வளவு பிழையானதென்பதற்குத் தூத்துக்குடித் துறைமுகமே சாட்சி.

1906-ம் வருஷத்தில் ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளை, பத்து லக்ஷம் ரூபாய் மூலதனத்தை உத்தேசித்து, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஸ்தாபித்தார். பங்கொன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. கொழும்பு மார்க்கத்தில் அதுவரை ஆதிக்கம் செலுத்திவந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியார் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியார் எட்டணாவாக்கினர். உடனே வெள்ளையர் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்வதோடு குடையும் தருவதாக அறிவித்தது!

விலையே அளவுகோலாயின் குடை கொடுத்தவரே திறமைசாலிகள். உண்மை அதுவன்று. சமமான கட்டணத்தில் பிரயாணிகள் சுதேசிக் கப்பலையே நாடுவரென்ற அச்சமன்றோ அக்குடையை விரிக்கச் செய்தது?

ஆதலின் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. அடக்க விலை என்ன? நஷ்டத்தை எத்தனை காலம் தாங்கக்கூடும்? விலை சமமானால் ஜனங்கள் யாரை நாடுவர்? கப்பல், துறை, சட்டம் ஆகிய வாயில்கள் யார் கையில் உள்ளன? மூன்றாவது கேள்வியில் சுதேசிக் கம்பெனி வென்றது. இரண்டாவதிலும் நான்காவதிலும் தோற்றது. 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.

நிற்க. ஒவ்வொருவரும் வகிக்கும் சந்தைப் பங்கின் சதவிகிதத்தை வர்க்கப்படுத்திக் கூட்டும் முறையொன்று இக்காலத்தில் வழங்குகிறது. ஏகபோகமாயின் தொகை 10,000. சமமான இருவராயின் 5,000. பயனுள்ள கணக்கே, ஆனால் அவ்விருவரில் எவன் பணப்பை ஆழமானதென்று அது சொல்லாது. நமது தேசத்தின் 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் இதனை உணர்ந்தே, ஆதிக்க நிலையை நிர்ணயிக்கையில் சந்தைப் பங்குடன் நிறுவனத்தின் செல்வபலத்தையும், புதியவர் நுழைவதற்குள்ள தடைகளையும் கவனிக்கச் சொல்லுகிறது. ஆதிக்கம் பெற்றவர் போட்டியாளரை ஒழிக்கக் கருதி அடக்க விலைக்குக் கீழ் விற்பதையும் அது விலக்குகிறது. 1907-ல் இத்தகைய சட்டம் இருந்ததில்லை.

சட்டம் வந்துவிட்டதென்று வாளாவிருத்தலாகாது. புதுத் தொழிலில் பணம் போடுவோர் முதலிற் கணக்கைப் பார்க்கட்டும். இலவசமாகப் பெறுவோர், எதிரி ஒழிந்த மறுநாள் கட்டணம் என்னவாகுமென்று யோசிக்கட்டும். இனாமாக வந்த குடை ஒரு மழைக்கு உதவலாம். பல மழைக்காலங்களுக்கு விலை கொடுக்கும்படி நேரிடலாம்.