டொயோட்டா பிரியஸ் (இரண்டாம் தலைமுறை)

டொயோட்டா பிரியஸ் இரண்டாம் தலைமுறை என்பது ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 2003 இல் அறிமுகப்படுத்திய கலப்புத் தானுந்து ஆகும். பெட்ரோல் பொறி, மின்னோடி ஆகிய இரண்டின் துணையுடனும் இயங்கும் ஊர்தியே கலப்புத் தானுந்து அல்லது ஹைபிரிட் கார் எனப்படுகிறது. இவ்வகையில் பெருமளவில் உற்பத்தியான முதல் தானுந்தான பிரியஸ், 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2009 இல் மூன்றாம் தலைமுறை வெளியானது. இரண்டாம் தலைமுறை ஊர்திகள் இன்று பழைய தானுந்துச் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன. அங்கு அவற்றின் மதிப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது பொறியின் நிலை அன்று. மின்கல அடுக்கின் நிலையே ஆகும்.

அமைப்பு

இதில் 57 கிலோவாட் திறனுள்ள 1.5 லிட்டர் பெட்ரோல் பொறியும் 50 கிலோவாட் மின்னோடியும் உள்ளன. இவற்றுடன் மற்றொரு மின் பொறி மின்னாக்கியாகவும் பெட்ரோல் பொறியைத் தொடக்கி வைக்கும் கருவியாகவும் செயற்படுகிறது. இம்மூன்றையும் ஒரு கோள்வகைப் பல்லிணை இணைக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது மின்னோடி மின்னாக்கியாக மாறி, வீணாகும் இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலங்களில் சேமிக்கிறது.

மின்கல அடுக்கு பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ளது. இது நிக்கல் உலோக ஐதரைடு வகையைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் கொண்ட 6 கலங்கள் சேர்ந்து 7.2 வோல்ட் கலக்கட்டு ஆகின்றன. இத்தகைய 28 கட்டுகள், அதாவது 168 கலங்கள், தொடரிணைப்பில் அமைந்து 201.6 வோல்ட் தருகின்றன. கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. கட்டுப்பாட்டுக் கணினி கலங்களை முழுவதுமாக நிரப்புவதும் இல்லை, முழுவதுமாக வெறுமையாக்குவதும் இல்லை. இடைப்பட்ட நிலையிலேயே வைத்திருக்கிறது. பல ஊர்திகளின் மின்கலங்கள் பத்தாண்டுகளைக் கடந்தும் உழைப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

மின்கல அடுக்கு பழுதடையும் முறை

தொடரிணைப்பில் எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டமே பாய்கிறது. ஆகவே கொள்ளளவு குறைந்த கலம் மற்றவற்றுக்கு முன்பே வெறுமையாகிறது. மற்றவற்றுக்கு முன்பே நிரம்பிச் சூடேறுகிறது. அந்த வெப்பம் அதனை மேலும் நலிவடையச் செய்கிறது. இதனால் 167 கலங்கள் நன்றாக இருந்தும் ஒரே ஒரு கலத்தால் ஊர்தி நிற்கக்கூடும்.

கணினி இந்த 28 கட்டுகளையும் இரண்டிரண்டாக, 14 இணைகளாக அளக்கிறது. ஓர் இணை ஏறத்தாழ 14.4 வோல்ட் கொண்டது. ஓர் இணை மட்டும் ஏறக்குறைய 1.2 வோல்ட் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு கலம் செயலிழந்துள்ளது எனக் கொள்ளலாம். வேறுபாடு வரம்பை மீறும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்து, பி0ஏ80 என்னும் பிழைக்குறி பதிவாகிறது. ஆனால் கட்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் களிம்பு ஏறினாலும் அளவீடுகள் பிறழக்கூடும். ஆகவே பிழைக்குறியை மட்டும் கொண்டு அடுக்கையே மாற்ற முடிவு செய்தல் கூடாது.

துணை மின்கலம்

சரக்கிடத்தின் வலப்பின் மூலையில் தனியாக ஒரு 12 வோல்ட் மின்கலம் உள்ளது. பொறியைச் சுழற்றுவது இதன் வேலை அன்று. கணினிகளை எழுப்பி, உயர் மின்னழுத்தச் சுற்றின் இணைப்பிகளை மூடுவதே இதன் வேலை. இது நலிந்தால் பெரிய அடுக்கு நிறைந்திருந்தாலும் ஊர்தி ‘ரெடி’ நிலைக்கு வராது. தொடர்பில்லாத பல எச்சரிக்கை விளக்குகளும் எரியலாம். இதனைப் பெரிய அடுக்கின் பழுது எனத் தவறாகக் கருதி, தேவையற்ற பெருஞ்செலவு செய்வோர் உண்டு. எனவே முதலில் அளக்க வேண்டியது இதனையே. ஓய்வு நிலையில் நல்ல மின்கலம் 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இது பயணிகள் இருக்கும் வெளியிலேயே அமைந்துள்ளதால், வளிமம் வெளியேறும் குழாய் இணைப்புள்ள வகையையே பொருத்த வேண்டும். வேறு ஊர்தியிலிருந்து மின்னூட்டம் பெறும்போது முனைகளை மாற்றி இணைத்தால் விலை உயர்ந்த மின்னணுப் பாகங்கள் எரிந்துவிடும்.

பராமரிப்பு

* காற்று வழி: மின்கல அடுக்கு பயணிகள் அறையின் காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. பின்னிருக்கையின் பக்கத்தில் உள்ள காற்றுத் துளையைப் பைகளாலோ துணியாலோ மறைத்தல் கூடாது. உள்ளிருக்கும் விசிறியில் தூசியும் செல்லப் பிராணிகளின் முடியும் அடைவதால் அதனைக் குறித்த காலத்தில் துப்புரவு செய்ய வேண்டும்.
* இன்வெர்ட்டர் குளிர்விப்பு: இன்வெர்ட்டருக்கெனத் தனிக் குளிர்விப்பு நீர்மமும் மின் பம்பும் உள்ளன. ‘ரெடி’ நிலையில் இதன் நீர்மத் தொட்டியில் கலக்கம் தெரியாவிட்டால் பம்பைச் சோதிக்க வேண்டும்.
* நடுநிலைப் பல்லிணை: ‘என்’ நிலையில் மின்கலங்கள் மின்னேற்றம் பெறுவதில்லை. ஆகவே நெரிசலில் நீண்ட நேரம் இந்நிலையில் நிறுத்துதல் கூடாது.
* பிரேக்: மின்னோடியே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் பிரேக் கட்டைகள் மெதுவாகத் தேய்கின்றன. ஆயினும் குறைந்த பயன்பாட்டினால் அவற்றின் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகக்கூடும்.

பழைய ஊர்தி வாங்கும்போது

பிழைக்குறிகளை அழித்துவிட்டு விற்கப்படும் ஊர்திகளும் உண்டு. ஆகவே குறிகள் இல்லாமை மட்டும் நலத்திற்குச் சான்று ஆகாது. மேடு ஏறும்போதும் இறங்கும்போதும் 14 இணைகளின் மின்னழுத்தங்களைக் குறிபடிப்பான் கொண்டு ஒப்பிடுவதே நம்பத்தக்க சோதனை. நல்ல அடுக்கில் அவை ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். திரையில் உள்ள மின்னேற்ற அளவு சில நிமிடங்களுக்குள் உச்சத்திற்கும் அடிமட்டத்திற்கும் மாறி மாறிச் சென்றால், அடுக்கின் கொள்ளளவு பெரிதும் குறைந்துள்ளது எனலாம்.

பழுதுபார்த்தல்

பழுதான ஒரு கட்டை மட்டும் மாற்றுவது மலிவான வழி. ஆனால் மற்ற 27 கட்டுகளும் அதே வயதும் அதே வெப்பமும் கண்டவை. சில மாதங்களில் அடுத்த நலிந்த கட்டு வெளிப்படலாம். ஆகவே எல்லாக் கட்டுகளையும் தனித்தனியே பலமுறை மின்னேற்றி, வெறுமையாக்கி, கொள்ளளவை அளந்து, ஒத்தவற்றையே சேர்க்க வேண்டும். மின்னேற்றும்போது கட்டுகள் புடைக்காதவாறு அவற்றை இறுக்கிப் பிணைத்திருக்க வேண்டும். நெடுங்காலம் வைத்திருக்க எண்ணுவோர்க்குப் புதிய அடுக்கே பெரும்பாலும் சிக்கனமானது.

201.6 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்க வல்லது. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தத்தைக் குறிக்கின்றன. பாதுகாப்புச் செருகியைக் கழற்றிய பின் மின்தேக்கிகள் வெறுமையாகப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். செருகியைக் கழற்றினாலும் அடுக்கின் பகுதிகளில் ஆபத்தான மின்னழுத்தம் எஞ்சியிருக்கும். 1000 வோல்ட் தாங்கும் கையுறையும் பயிற்சியும் இல்லாதோர் அடுக்கைத் திறத்தல் கூடாது.

மாற்றியமைத்தல்

ஜப்பானிய, ஐரோப்பிய வகைகளில் மின்சாரத்தில் மட்டும் சிறிது தொலைவு செல்ல உதவும் பொத்தான் உண்டு. அமெரிக்க வகையில் அது இல்லாததால் உரிமையாளர் பலர் தாமே பொருத்திக்கொண்டனர். 2004 இல் கலிபோர்னியாவின் கால்கார்ஸ் என்னும் தன்னார்வக் குழு, ஒரு பிரியசில் கூடுதல் ஈய அமில மின்கலங்களைப் பொருத்தி, வீட்டு மின்சாரத்தில் மின்னேற்றக்கூடியதாக மாற்றியது. டொயோட்டா நிறுவனமே பின்னர் அத்தகைய பிரியசை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இலங்கையில்

இலங்கையில் 2010களில் ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட கலப்புத் தானுந்துகள் பெருமளவில் இறக்குமதியாயின. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் ஊர்தி இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையிலுள்ள ஊர்தியின் மின்கல அடுக்கைப் பேணுவது பல குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாத தேவையாயிற்று.