புதுக்கிய பொறியின் முதல் முழக்கம்

பல்லாண்டு ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டியின் இயந்திரத்தைக் கீழே இறக்கி, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, மீண்டும் பூட்டுதல் ஒரு கலை. அவ்வாறு பூட்டியதை முதன்முறை இயக்குதல் மற்றொரு கலை. முன்னதற்குப் பல திங்கள் ஆகும்; பின்னதற்கு அரைமணி போதும். ஆயினும் அப்பல திங்கள் உழைப்பு நிலைப்பதும் பாழாவதும் இவ்வரைமணியைப் பொறுத்தனவே. அஃது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

கிழக்கே சவ்வாது மலையும் வடக்கே ஏலகிரியும் காவல் நிற்கும் திருப்பத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பட்டறையில் பழைய அம்பாசடர் வண்டி நிற்பதாகக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் அச்சில், வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து செய்யப்பட்ட இவ்வண்டியை அறியாத தமிழர் இலர். 2014-இல் அதன் உற்பத்தி நின்றது. எனவே, புதுக்கிய இயந்திரம் முதல் நாளிலேயே பழுதுறுமாயின், மாற்று உறுப்புத் தேடி ஊர் ஊராக அலைய நேரும்.

அவ்வண்டியில் நெடுங்காலம் பொருத்தப்பெற்றது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன்கள் கிராங்க் ஷாப்ட் என்னும் தண்டைச் சுழற்றுகின்றன. அத்தண்டு தன்னைத் தாங்கும் பேரிங்குகளின்மேல் படிந்து சுழல்வதன்று. இடையே பாயும் எண்ணெயின் மெல்லிய படலத்தின்மேல் மிதந்து சுழல்வது. தலைமயிரினும் நுண்ணிய அப்படலம் அற்றால், உலோகத்தோடு உலோகம் உரசி, சில நொடிகளில் பேரிங் கெடும்.

புதிதாகப் பூட்டிய இயந்திரத்திலோ எண்ணெய் வழிகள் வறண்டு கிடக்கும். ஆதலின், நெருப்பு மூட்டுமுன் எண்ணெய் ஊட்ட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சிலிண்டர்களில் காற்றழுத்தம் இராது. தண்டு எளிதிற் சுழலும். அந்நிலையில் ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றி, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை பொறுத்தல் வேண்டும். பொறுமையில்லாதவன் இவ்விடத்தே தோற்பான்.

அடுத்தது தீப்பொறி. இயந்திரத்துக்கும் தீத்துளிக்கும் தமிழில் ‘பொறி’ என ஒரே பெயர் அமைந்தது வியப்பே! பிஸ்டன் ஒரு சுற்று முறைக்குள் இருமுறை உச்சிக்கு வருகிறது: எரிபொருட் கலவையை அழுத்தி ஒருமுறை, எரிந்த புகையை வெளியேற்றி ஒருமுறை. கிராங்க் ஷாப்டின் முனையிலுள்ள குறி இருமுறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்; கண்ணை நம்பினால் ஏமாறுவோம். முதற் சிலிண்டரின் பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடித் தண்டை மெல்லச் சுழற்றுக. விரலைக் காற்றுத் தள்ளுமாயின் அதுவே அழுத்தும் ஏற்றம். அப்பொழுது டிஸ்ட்ரிபியூட்டரின் சுழல்கை முதல் சிலிண்டரின் கம்பியை நோக்க வேண்டும். ஏனைய கம்பிகள் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் அமைய வேண்டும். மாறிப் பூட்டினால் இயந்திரம் கார்புரேட்டர் வழியே தும்முமேயன்றி ஓடாது. ஓடவில்லையே என மீண்டும் மீண்டும் சுழற்றுவதுதான் பெருங்கேடு. பூட்டும்போது கேம் ஷாப்டில் தடவிய பசை வழிக்கப்பட்டுப் போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடும்.

எரிபொருட் குழாய்களையும் முன்பே நோக்குக. இக்காலப் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும். சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைப்பதில் தடையில்லை. கற்பூரத்தை மட்டும் தொலைவில் ஏற்றுக!

இயந்திரம் முழங்கியவுடன் பலரும் மகிழ்ந்து, அதனை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டு நிற்பர். அது தவறு. கேம் ஷாப்டின் மேடுகளும் அவற்றின்மேல் நிற்கும் டாப்பட்டுகளும் ஒன்றோடொன்று இணங்கித் தேயும் காலம் இதுவே. அவற்றுக்கு வேண்டிய எண்ணெயில் பெரும்பகுதி கிராங்க் ஷாப்ட் சுழன்று தெறிப்பதால் வருவது. வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும். ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று வேகத்தில், சற்றே ஏற்றியும் இறக்கியும், 20 நிமிடம் ஓட்டுவது முறை. கேம் ஷாப்ட் அதில் பாதி வேகத்தில் சுழல்வதால், அந்நேரத்துள் 20,000 முறை சுழன்றுவிடும். அதுவரை ஒருவர் கண் எண்ணெய் அழுத்த முள்ளிலும், மற்றொருவர் கண் நீரின் வெப்பத்திலும் ஒழுகல்களிலும் இருத்தல் வேண்டும். முள் தாழ்ந்தால் அக்கணமே நிறுத்துக. காரணத்தைப் பின்னர் ஆராயலாம்.

நீராவிப் பொறிக்கு இத்துணை அவசரமில்லை. 1855-இல் செய்யப்பட்ட ‘எக்ஸ்பிரஸ்’ என்னும் ரயில் எஞ்சினைப் பெரம்பூர்த் தொழிற்சாலையார் புதுக்க, அது 2010 ஆகஸ்டு 15 அன்று சென்னையிலிருந்து ஆவடிக்கு ஓடியது. அத்தகையதில் கொதிகலனை மெல்லமெல்லச் சூடாக்கி, அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்க்கலாம். பெட்ரோல் இயந்திரமோ உறக்கத்திலிருந்து ஓட்டத்துக்கு ஒரே தாவலில் செல்வது.

ஆறியபின் டாப்பட் இடைவெளியைச் சரிபார்த்து, எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுவர். வடித்த எண்ணெயை வெயிலிற் பிடித்தால் நுண்ணிய உலோகத்தூள் மின்னும். சிறிதளவாயின் அஞ்ச வேண்டுவதில்லை. பிறகு சாலையில் ஓட்டுதல் வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர்ச் சுவரோடு படிய, எரிவாயுவின் அழுத்தம் அவற்றை வெளிப்புறம் நெருக்க வேண்டும். சுமையின்றி நின்ற இடத்திலேயே ஓட்டினால், சுவர் கண்ணாடிபோல் மெருகேறி, ரிங் படியாமல், வண்டி என்றும் எண்ணெய் குடித்துப் புகை கக்கும். அதற்காக முதல் நாளே புதூர்நாட்டு மலைச்சாலையில் ஏற்றுவதும் ஆகாது. இறுக்கம் நீங்காத பிஸ்டன் சூடேறிப் பற்றிக்கொள்ளும். சமவெளிச் சாலையில் வேகத்தைக் கூட்டியும் தளர்த்தியும் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் பழக்கி, மறுபடியும் எண்ணெய் மாற்றியபின் ஏலகிரிக்குச் செல்லலாம். பொன்னேரியிலிருந்து ஏறும் அப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பெற்றுள்ளன. பாரியையும் பேகனையும் கடக்கையில் வெப்பமானியின் முள் அசையாது நின்றால், பட்டறைக்காரர் தம் வேலையைச் செம்மையாகச் செய்துள்ளார் என்று அறியலாம்.