மருந்துச்சாலையில் ஓராண்டுக் குருகுலவாசம்

"ஐயா, இந்தக் குளிசை என்ன வியாதிக்கு?" என்று நோயாளி ஒருவர் கேட்டால், அதற்கு விடை கூறாதிருப்பதே மருந்தாளரின் கடமை என்று விதித்திருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் வாசகர்கள் நம்புவார்களா? ஐக்கிய அமெரிக்காவின் மருந்தாளர் சங்கம் 1952 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒழுக்கக் கோவையிலே இவ்விதி தெளிவாகக் காணப்பட்டது. மருந்தின் குணத்தையோ அதிற் கலந்துள்ள பொருட்களையோ பற்றி மருந்தாளர் நோயாளியுடன் உரையாடலாகாது. கேட்பவரை வைத்தியரிடமே அனுப்பிவிட வேண்டும். வைத்தியருக்குரிய துறையிலே பிறர் தலையிடலாகாது என்பது அதன் உட்கருத்து. 1969 ஆம் ஆண்டில் வந்த புதிய கோவையிலேதான் இத்தடை மறைந்தது.

அதே நாட்டிலே இன்று, குறைந்தது ஆறு ஆண்டுகள் பல்கலைக்கழகத்திற் பயின்று, பாம்.டி. என்னும் பட்டமும் தொழில் புரிவதற்கான உரிமமும் பெற்ற இளைஞரும் யுவதிகளும், உடனே நல்ல சம்பளத்துக்குப் போகக்கூடிய நிலையிலிருந்தும், மேலும் ஓராண்டைத் தெருமுனை மருந்துச்சாலையிலே பயிற்சியிற் செலவிடுகின்றனர். நோயாளியிடம் பேசுவதும் அவர் சொல்வதைக் கேட்பதுமே அப்பயிற்சியின் உயிர்நாடி. இதனை 'றெசிடென்சி', அதாவது வதிவிடப் பயிற்சி என்கிறார்கள். பெயர்தான் அப்படி, பயில்பவர் எவரும் கடையில் வதிவதில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கி உண்டு உறங்கிப் பயின்ற அக்கால வைத்தியர்களின் வழக்கு, சொல்லளவில் இன்றும் நிலைத்துவிட்டது.

இத்தகைய பயிற்சி முதலில் ஆஸ்பத்திரிகளிலேதான் தோன்றியது. 1927 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலே ஹார்வி விட்னி என்பவர் மருந்தாளர்க்கான முதற் பயிற்சியை ஆரம்பித்தார். கடைத்தெருவிலிருந்த மருந்தாளரை எவரும் நினைக்கவில்லை. அக்காலத்து அமெரிக்க மருந்துக்கடையிலே சோடாவும் ஐஸ்கிறீமும் விற்பதற்குத் தனி மேடை இருக்கும். வாசனைத் திரவியங்களும் வாழ்த்து மடல்களும் அடுக்கியிருக்கும். மருந்தாளர் எங்கோ பின்னால் மறைந்திருப்பார். இதைக் கண்டு மனம் புழுங்கியவர் யூஜீன் வைட் என்பவர். வேர்ஜினியா மாநிலத்திலே பெரிவில் என்னும் சிற்றூரில் கடை வைத்திருந்த அவர், 1960 ஆம் ஆண்டில் சோடா மேடையையும் ஏனைய சரக்குகளையும் வெளியேற்றிவிட்டு, கடையை வைத்தியரின் அறையைப்போல் அமைத்துக்கொண்டார். குடும்பத்துக்கு ஒரு பதிவேடு திறந்து, யார் எந்த மருந்தை உண்கிறார், எது அவருக்கு ஒவ்வாது என்று குறித்து வைத்தார். வியாபாரிகள் கண்ணுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றியிருக்கும். ஆனால் இன்று மருந்துச்சாலைக் கணினிகள் செய்யும் வேலையின் மூலவடிவம் அப்பதிவேட்டில் இருக்கின்றது.

சட்டமும் மெல்ல இவ்வழிக்கு வந்தது. 1990 ஆம் ஆண்டிலே இயற்றப்பெற்ற ஒரு சட்டத்தின்படி, 1993 ஆம் ஆண்டு தொடக்கம், வறியோர்க்கான அரசாங்க வைத்திய உதவி பெறுவோருக்கு மருந்தாளர் ஆலோசனை கூற முன்வருதல் கட்டாயமாயிற்று. இதற்கு முன்னரே, 1986 ஆம் ஆண்டில், மருந்தாளர் சங்கம் கடைத்தெரு மருந்தாளர்க்கான வதிவிடப் பயிற்சியைத் தொடக்கியிருந்தது. பயிற்சி நிலையங்களைப் பரிசோதித்து அங்கீகாரம் வழங்கும் முறை 1999 ஆம் ஆண்டில் வந்தது. ஒரு காலத்திற் பேசாதே என்ற சங்கமே, பேசுவது எப்படி என்று கற்பிக்க முன்வந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகின்றது, மதிப்பும் உண்டாகின்றது.

சரி, பன்னிரண்டு மாதமும் அங்கே என்னதான் செய்கிறார்கள்? மாணவர் வழிகாட்டி ஒருவரின் கீழ் இருக்கிறார். நீரிழிவு நோயாளிக்கு இரத்தச் சர்க்கரை பார்க்கவும் இன்சுலின் ஏற்றவும் கற்பிக்கிறார். தடுப்பூசி போடுகிறார், 2009 ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களும் மருந்தாளருக்கு இவ்வுரிமையை வழங்கிவிட்டன. வைத்தியரோடு எழுத்து மூலம் செய்துகொண்ட உடன்படிக்கை இருக்குமாயின், மாநிலச் சட்டம் இடங்கொடுக்கும் அளவில், மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார். ஆராய்ச்சி ஒன்றை நடத்தி, ஆண்டு முடிவதற்குள் சபையிலே எடுத்துரைக்கவும் வேண்டும்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது கடதாசிப் பை வேலை. வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும், வைத்தியர் தந்தது, கடையில் வாங்கியது, அயலவர் கொடுத்தது என்ற வேறுபாடின்றி, ஒரு பழுப்பு நிறப் பையிலே போட்டுக்கொண்டு வரும்படி நோயாளியிடம் சொல்வார்கள். பின்னர் இருவரும் மேசையருகே அமர்ந்து, போத்தல் போத்தலாக வெளியே எடுத்து, "இது எதற்கு? எப்போது எடுக்கிறீர்கள்? எடுக்கத்தான் செய்கிறீர்களா?" என்று வினவுவார்கள்.

இதிலே உயிர்காக்கும் விஷயம் என்ன இருக்கின்றது என்று கேட்கலாம். ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்காக வைத்தியர் அவருக்கு எனலாப்ரிலும், சிறுநீரைப் பெருக்கும் குளிசை ஒன்றும் கொடுத்திருக்கிறார். இரண்டும் நல்ல மருந்துகளே. முழங்கால் நோவு பொறுக்காமல், ஒருநாள் அவர் தாமாகவே கடையில் ஐபுபுரோபன் வாங்கி நாள்தோறும் விழுங்கத் தொடங்குகிறார். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் இரத்தம் புகும் குழாயை ஐபுபுரோபன் ஒடுக்குகின்றது. வெளியேறும் குழாயை எனலாப்ரில் தளர்த்துகின்றது. மூன்றாவது குளிசை உடலின் நீரையே குறைத்துவிடுகின்றது. வடிகட்டுவதற்கு வேண்டிய அமுக்கம் வீழ்ந்து, சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும். வைத்தியருக்கு ஐபுபுரோபனைப் பற்றித் தெரியாது, ஏனெனில் அவர் அதை எழுதிக் கொடுக்கவில்லை. முதியவருக்கோ அது மருந்தென்றே தோன்றவில்லை, வெறும் நோக் குளிசைதானே! மூன்றையும் ஒருங்கே காணக்கூடியவர் மருந்தாளர் ஒருவரே. அவரும், பணத்தை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறை கொடுப்பதோடு நின்றுவிட்டால்?

இப்பேச்சினால் விளையும் பயனை அளந்து பார்த்த இடமும் உண்டு. வட கரோலினா மாநிலத்திலே, மலைகள் சூழ்ந்த அஷ்வில் நகரத்து நகரசபை, 1996 ஆம் ஆண்டில், நீரிழிவுடைய தன் ஊழியர்களை ஊர் மருந்தாளரிடம் ஒழுங்காகச் சென்றுவரச் செய்தது. செல்வோர்க்கு நீரிழிவு மருந்துக்கான கட்டணம் தள்ளுபடி. மருந்தாளருக்கு அவர் செலவிடும் நேரத்துக்கு ஊதியம். சில ஆண்டுகளின் பின் கணக்குப் பார்த்தபோது, மருந்துச் செலவு ஏறியிருந்தது. ஆயினும் இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்து, நோய் விடுப்பு நாட்கள் குறைந்து, மொத்த வைத்தியச் செலவும் இறங்கியிருந்தது. விருப்பத்தோடு சேர்ந்தவர்களின் முன்னைய நிலையையும் பின்னைய நிலையையும் ஒப்பிட்ட கணக்கு இது. ஆகவே முடிந்த முடிபென்று கொள்ளலாகாது. எனினும், பேசுவதற்கு ஊதியம் கொடுத்தால் பேச்சு நடக்கும் என்பது ஐயமின்றித் தெரிந்தது.

இங்கேதான் சிக்கலும் இருக்கின்றது. அமெரிக்காவில் மருந்துச்சாலையின் வருவாய் பெரும்பாலும் விற்ற மருந்திலிருந்தே வருகின்றது. முதியோர்க்கான மெடிக்கேயார் காப்புறுதிச் சட்டம், வைத்திய ஆலோசனைக்காகத் தாமே கட்டணம் கோரக்கூடியவர்களின் வரிசையில் மருந்தாளரை இன்னும் சேர்க்கவில்லை. சில மாநிலங்கள் தம்மளவில் வழி திறந்திருக்கின்றன. எனவே, அரைமணி நேரம் கடதாசிப் பையைக் கிளறிய மருந்தாளருக்குப் பல வேளைகளில் நன்றியே கூலி. பயிலும் ஆண்டிலே அவருக்குக் கிடைக்கும் உதவிப்பணமோ, உடன் படித்தவர் வேறு கடையிலே பெறும் சம்பளத்திற் பாதிக்கும் குறைவு. கல்விக் கடன் தலைமேலிருக்க, ஓர் இளைஞர் இவ்வாண்டைத் தேர்ந்துகொள்வதற்கு உறுதியான நெஞ்சு வேண்டும். பயிற்சி முடித்தபின், நீண்ட வரிசையின் முன்னே நின்று குளிசை எண்ணும் வேலைக்கே திரும்ப நேர்ந்தோர் மனக்கசப்படைவதிலும் வியப்பில்லை. இது பயிற்சியின் குறையன்று. கூலி கொடுக்கும் முறையின் குறை என்றே எனக்குத் தோன்றுகின்றது.

யாழ்ப்பாணம், பேராதனை முதலிய நம் பல்கலைக்கழகங்களிலே மருந்தாளர் பட்டத்துக்குப் பயிலும் மாணவர்கள், மேற்படிப்பைப் பற்றி எண்ணும்போது இவ்விரு பக்கங்களையும் சேர்த்தே பார்ப்பது நன்று.

அமெரிக்காவில் இப்பயிற்சிக்குச் சேரும் முறையும் வேடிக்கையானது. மாணவர் தாம் விரும்பும் இடங்களை வரிசைப்படுத்தி எழுதுவார். ஒவ்வொரு பயிற்சி நிலையமும் தனக்கு வேண்டிய மாணவரை அவ்வாறே வரிசைப்படுத்தும். இரண்டையும் கணினி பொருத்தி, மார்ச் மாதத்தில் முடிவை அறிவிக்கும். ஏறக்குறைய நம்மூர்ச் சாதகப் பொருத்தந்தான், சோதிடர் ஒருவர் இல்லாத குறை. ஜூலை மாதமளவில் பயிற்சி தொடங்கி, மறு ஆண்டு ஜூனில் முடிகின்றது. முடித்தவர்களிற் சிலர் அதே கடையில் தங்கிவிடுகிறார்கள். சிலர் கல்லூரிகளிற் கற்பிக்கப் போகிறார்கள். சிலர் வைத்தியர்களின் சிகிச்சை நிலையங்களில் அவர்களருகே அமர்ந்து வேலை செய்கிறார்கள். வேறு சிலர் இரண்டாம் ஆண்டுப் பயிற்சிக்கும் மனுச் செய்கிறார்கள்.