நெடுநாள் வலிக்கு ஊசி: மயக்கம் அவசியமா?

திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை ஆகிய ஊர்களில் தறியே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். ஆண்டுக்கணக்கில் தறியில் குனிந்தமர்ந்து உழைப்பவர்களுக்கு முதுகுவலி புதிதன்று. ஸஜ்தாவுக்குச் செல்ல இயலாமல் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்கள் நம் இல்லங்களிலும் உண்டு. மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிப்பதை நெடுநாள் வலி என்பர் மருத்துவர்.

தாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லவை. முறையான மருந்தும் உடற்பயிற்சியும் பலன் தராதபோது சிலருக்கு ஊசிச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இத்துறைக்கு வழிகாட்டியவர் அமெரிக்க மயக்க மருத்துவர் ஜான் போனிகா. மல்யுத்த வீரராகவும் இருந்து, தாமே தீராத வலியால் வருந்திய அவர், வலிச் சிகிச்சை குறித்த தம் பெருநூலை 1953இல் வெளியிட்டார்.

தண்டுவடத்தின் உறையைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஸ்டீராய்டு செலுத்துவது எபிடூரல் ஊசி. டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலியை அது சில வாரங்களோ மாதங்களோ தணிக்கலாம். முற்றாகக் குணப்படுத்துவதாகக் கொள்ளலாகாது. வலியைச் சுமந்து செல்லும் நுண்ணிய நரம்பை ரேடியோ அலை வெப்பத்தால் செயலிழக்கச் செய்வது மற்றொரு முறை. நரம்பு மீண்டும் வளர்வதால் வலி திரும்பவும் கூடும்.

“முழுதாக மயக்கிவிடுங்கள், டாக்டர்” என்று வேண்டுவோர் பலர். அச்சம் இயல்பே. ஆயினும் ஊசிமுனை நரம்பைத் தீண்டினால் மின்னல்போல் வலி பாயும். “வலிக்கிறது” என நோயாளி சொல்லும் அந்த ஒரு சொல்லே மருத்துவருக்கு எச்சரிக்கை. ஆழ்ந்த மயக்கத்தில் அக்குரல் அடங்கிவிடும். ஆகவே, பெரும்பாலான ஊசிகளுக்குத் தோலை மட்டும் மரக்கச் செய்தலே போதும். பதற்றம் மிகுந்தோர்க்குப் பேச்சுக்கு மறுமொழி கூறும் அளவிலான அரைமயக்கம் தரப்படுகிறது. அப்போதும் நாடியையும் மூச்சையும் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

மயக்கம் தருவதாயின் ஆறு மணி நேரத்துக்கு முன்பே உணவையும், இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நீரையும் நிறுத்துவது பொது விதி. வாந்தி மூச்சுக்குழாயில் புகாதிருக்கவே இக்கட்டுப்பாடு. ரமலானில் நோன்பு நோற்றிருப்போர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தல் நன்று. ஸ்டீராய்டு சில நாள்களுக்குச் சர்க்கரையை உயர்த்தும். நீரிழிவு உள்ளோர் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்தலாகாது, மறைக்கவும் கூடாது. வேலூருக்கோ சென்னைக்கோ சென்று திரும்புவோர் துணையோடு செல்லட்டும். மயக்கம் பெற்றவர் 24 மணி நேரம் வாகனம் ஓட்டலாகாது.

முதுகுவலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கழிந்தாலோ, அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். மற்ற வேளைகளில் ஊசிக்கு இசையுமுன் மூன்றைக் கேளுங்கள்: வலியின் காரணம் யாது? பயன் எவ்வளவு காலம் நிற்கும்? மயக்கம் எனக்குத் தேவைதானா? நல்ல மருத்துவர் இவற்றுக்குப் பொறுமையுடன் விடையளிப்பார்.