மனச்சிதைவு நோயும் மூளையின் மின்னலைகளும்

அலைகளும் அவற்றின் வேகமும்

ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர், மனித மூளையின் மின் அலைகளை 1924-இல் முதன்முதலாகப் பதிவுசெய்து, 1929-இல் அதனை வெளியிட்டார். தலைத்தோலில் பொருத்தப்படும் மின்முனைகள் வழியாக எடுக்கப்படும் இப்பதிவே இன்று இஇஜி எனப்படுகிறது. கண்மூடி அமைதியாக இருக்கையில் வினாடிக்கு 8 முதல் 13 முறை ஏறியிறங்கும் அலை ஆல்ஃபா என்றும், 30-க்கு மேற்பட்ட வேகமுடையது காமா என்றும் பெயர் பெறும்.

தளரும் ஒத்திசைவு

வினாடிக்கு 40 சொடுக்கொலிகளைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், நலமுள்ளவரின் செவிப்புலப் புறணி அதே வேகத்தில் அலையெழுப்பி ஒலியைப் பின்தொடர்கிறது. மனச்சிதைவு நோயுள்ளவர்களிடம் இந்தப் பின்தொடர்தல் சராசரியாக வலுக்குன்றியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கித் தாளம் தவறாமல் காக்கும் காபா எனும் வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களின் செயற்குறையே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகிறது.

அகக்குரலும் அயற்குரலும்

ஒருவர் பேசும்போது, வரவிருப்பது தன் குரலே என்று மூளை செவிப்புலப் பகுதிக்கு முன்னறிவிப்பதால், பிறர் பேச்சுக்கு எழுவதைவிடச் சிறிய அலையே அங்கு எழுகிறது. மனச்சிதைவு நோயுள்ளவர்களிடம் இந்தத் தணிப்புக் குறைந்து காணப்படுவதால், தம் எண்ணவோட்டத்தையே அவர்கள் அயலார் குரலாகக் கேட்கக்கூடும் என்று ஆய்வாளர் சிலர் விளக்குகின்றனர். கவர்ச்சியான விளக்கந்தான், ஆயினும் அசரீரிக் குரல்கள் அனைத்தையும் இது ஒன்றே விளக்கிவிடும் எனக் கொள்வது அவசரமாகும்.

உறக்கத்தில்

உறக்கத்தின்போது தலாமஸ் பகுதி உருவாக்கும், நூற்கதிர்போல் நடுவில் பருத்து முனைகளில் மெலியும் அலைக்கோவைகளும் இந்நோயில் குறைகின்றன. இவை நினைவுகள் நிலைபெற உதவுபவை.

சோதனையின் எல்லை

இம்மாற்றங்கள் குழுக்களை ஒப்பிடும்போது தெரியும் சராசரி வேறுபாடுகளே. நலமுள்ளோர் பலருடைய அளவுகளும் நோயுற்றோர் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், தனியொருவரின் இஇஜியைக் கொண்டு அவருக்கு மனச்சிதைவு உண்டென்றோ இல்லையென்றோ கூற இயலாது. அவ்வாறு கூறும் விளம்பரங்களை நம்புதல் தகாது. அறிகுறிகளையும் அவை நீடிக்கும் காலத்தையும் மருத்துவர் விசாரித்தறிவதே நோயறியும் வழி. பொட்டுமடல் வலிப்பு நோயும் பிரமைகளைத் தோற்றுவிக்கலாம் என்பதால், அந்த ஐயம் எழுமிடத்து இஇஜி பயன்படுகிறது. மனச்சிதைவுக்குத் தரப்படும் க்ளோசபின் மருந்தின் அளவு கூடும்போது வலிப்பு ஏற்படும் வாய்ப்பும் கூடுவதால், அதனை உட்கொள்பவரின் கைகால்கள் திடீரெனத் துள்ளினால் குடும்பத்தார் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.